கிட்னி நோயாளி வீட்டுச் சமையல்: முதலில் குடலைக் கவனிப்பது எப்படி

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 22 வருடமாக மெஸ் நடத்துகிறேன். ஊருக்கெல்லாம் சமைத்துப் போட்டவன், சொந்த அக்காவுக்கு என்ன சமைப்பது என்று தெரியாமல் நின்றது போன வருடம் தை மாதத்தில். அக்காவுக்கு 62 வயது, 18 வருடமாகச் சர்க்கரை. அத்தான் இறந்த பிறகு எங்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறார். கால் வீங்குகிறதே என்று ரத்தம் எடுத்துப் பார்த்தால் கிட்னி தளர்ந்தால் ரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின் 2.8, கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 19. இ.ஜி.எஃப்.ஆர். 15 முதல் 29 வரை இருந்தால் நாள்பட்ட சிறுநீரக நோயின் 4ஆம் நிலை. டயாலிசிஸ் இப்போது வேண்டாம், சாப்பாட்டில் கட்டுப்பாடு வேண்டும் என்றார்கள்.

கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் 'கூடாது' என்ற பட்டியல். கீரை, தக்காளி, வாழைப்பழம், இளநீர், கிழங்கு, பருப்பு. நான் அந்தத் தாளை அடுப்படிச் சுவரில் ஒட்டி, எழுதியிருந்ததற்கு மேலேயே போய் எல்லாக் காயையும் நிறுத்திவிட்டேன். மிஞ்சியது வெள்ளைச் சோறு, தெளிவு ரசம், ரவை உப்புமா, ரஸ்க். மூன்று மாதம் கழித்து ரத்தம் எடுத்தால் பொட்டாசியம் 5.9. அது ரத்தத்தில் கூடினால் இதயத்துக்கு ஆபத்து. காயும் பழமும் தொடாதவருக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கிறது, யூரியாவும் ஏறியிருக்கிறது. "எல்லாத்தையும் நிறுத்திட்டோமே டாக்டர்" என்றேன். அவர் என்னை விட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, "அம்மா, வெளிக்குத் தினமும் போகுதா?" என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தார். தம்பி முன்னால் சொல்லக் கூச்சம். நான் வெளியே போய் நின்றேன். அப்புறம்தான் தெரிந்தது, நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போயிருக்கிறது, அதுவும் முக்கி முக்கி.

கிட்னி தளர்ந்தவர்களுக்கு உடம்பின் பொட்டாசியத்தில் ஒரு பகுதி பெருங்குடல் வழியாக வெளியேறுகிறது. கிட்னி செய்ய முடியாத வேலையைக் குடல் கொஞ்சம் எடுத்துச் செய்கிறது. நான் அந்த வழியையும் அடைத்து வைத்திருந்தேன். இந்தக் கட்டுரை அதே தவறைச் செய்துகொண்டிருக்கும் வீடுகளுக்காக.

சோறு புளிக்கும், கறி அழுகும்

குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியா இருக்கின்றன. அவற்றுக்கும் கிட்னிக்கும் என்ன சம்பந்தம் என்பதை டாக்டர் சொன்னதும், பிறகு நான் படித்ததும் என் அடுப்படி அனுபவத்தோடு அப்படியே பொருந்தியது. இரவு மிஞ்சின சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் இதமாகப் புளித்திருக்கும். கறி கழுவின தண்ணீரை வைத்தால் கிட்டப் போக முடியாது. இரண்டிலும் வேலை செய்வது கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான். நாம் எதைக் கொடுக்கிறோமோ அதைப் பொறுத்து ஒன்று புளிக்கிறது, ஒன்று அழுகுகிறது.

பெருங்குடலிலும் இதுதான் நடக்கிறது. நார்ச்சத்து போனால் பாக்டீரியா அதைப் புளிக்கவைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களை உண்டாக்கும். குடல் சுவரின் செல்களுக்குப் பியூட்டிரேட்தான் தீனி. நார் போகாமல், செரிக்காத புரதம் மட்டும் போய், அதுவும் நாலு நாள் தங்கினால் அழுகல் கூடும். புரதத்தில் உள்ள டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலத்திலிருந்து இண்டோல் வரும், கல்லீரல் அதை இண்டாக்சில் சல்பேட்டாக மாற்றும். டைரோசினிலிருந்து கிரெசால் வந்து பி-கிரெசில் சல்பேட் ஆகும். நல்ல கிட்னி இவற்றை மூத்திரத்தில் வெளியே தள்ளிவிடும். தளர்ந்த கிட்னியால் முடியாது, ரத்தத்தில் தேங்கும். தேங்கினவை மறுபடி கிட்னியையும் ரத்தக் குழாயையும் கெடுக்கும். டயாலிசிஸ் போட்டாலும் இவை அவ்வளவாகப் போவதில்லை, ஏனென்றால் இரண்டும் ரத்தத்திலுள்ள அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொண்டு திரிகின்றன. இதைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது: வடிகட்ட முடியாத விஷத்தை உள்ளே உற்பத்தியாகாமல் குறைப்பதுதான் நம் கையில் இருக்கும் வழி.

இன்னொன்றும் உண்டு. ரத்தத்தில் யூரியா கூடினால் அது குடலுக்குள்ளும் கசியும். அங்கே சில பாக்டீரியா அதை அம்மோனியாவாக உடைக்கும். அம்மோனியா குடல் சுவரின் செல்களுக்கு நடுவிலுள்ள இணைப்புகளைத் தளர்த்தும். குடலுக்குள் இருக்க வேண்டிய அசுத்தம் ரத்தத்துக்குள் நுழைந்து உடம்பெங்கும் அழற்சியை உண்டாக்கும். ஆக, கிட்னி கெட்டால் குடல் கெடுகிறது, குடல் கெட்டால் கிட்னி இன்னும் கெடுகிறது.

அடுப்பைப் பற்றவைக்கும் முன்

டாக்டரிடம் நான்கு எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: பொட்டாசியம், பாஸ்பரஸ் (கிட்னி தளர்ந்தால் இதுவும் தேங்கும்), யூரியா, பைகார்பனேட் (ரத்தத்தில் அமிலம் கூடியிருக்கிறதா என்று காட்டுவது). ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு புரதம் என்றும் கேளுங்கள். பொட்டாசியம் சரியாக இருக்கும் ஆளுக்குக் காயைக் குறைக்க வேண்டிய அவசியமே இருக்காது. பக்கத்து வீட்டுக்காரரின் தாளைப் பார்த்துச் சமைக்காதீர்கள், அவருடைய எண் வேறு. அக்காவுக்கு 54 கிலோ எடை. கிலோவுக்கு 0.7 கிராம் வீதம் நாளைக்கு 38 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர் என்று டயட்டீஷியன் கணக்குப் போட்டுக் கொடுத்தார். டயாலிசிஸ் ஆரம்பித்தவர்களுக்கு இந்தப் புரதக் கணக்கு தலைகீழ். அவர்களுக்குப் புரதம் கூடுதலாக வேண்டும். அவர்கள் இதை வைத்துக் குறைத்துவிடக் கூடாது.

அப்புறம் ஒரு நோட்டு. அக்கா பழைய ரேஷன் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறார். தேதி, வெளிக்குப் போனதா, கெட்டியா இளக்கமா, அவ்வளவுதான். எங்களிடம் சொல்லக் கூச்சப்படுகிறவர் நோட்டில் எழுதிவிடுகிறார், டாக்டர் புரட்டிப் பார்த்துக்கொள்கிறார். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இந்த நோட்டை இன்றே ஆரம்பித்துவிடுங்கள். நானாகக் கேட்டிருந்தால் அந்த மூன்று மாதம் வீணாகியிருக்காது.

காய்: நார் உள்ளே, பொட்டாசியம் வெளியே

இதில்தான் சமையல்காரன் புத்தி உதவியது. பொட்டாசியம் தண்ணீரில் கரையும், நாரின் பெரும்பகுதி கரையாமல் காயிலேயே நிற்கும். இந்த ஒரு வித்தியாசம் போதும்.

முதலில் காய் தேர்வு. மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு விடிகாலையில் மெஸ்ஸுக்கு எடுக்கப் போகும்போது அக்காவுக்குத் தனிப் பை. சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், சௌசௌ, முட்டைக்கோஸ், கோவைக்காய், கத்தரிக்காய். இவற்றை மாற்றி மாற்றி வாங்குகிறேன். பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போடுவதில்லை, நாரே அதில்தான். முருங்கைக்கீரை, சேனை, உருளை, வாழைத்தண்டு எப்போதாவது, அதுவும் டாக்டர் சரியென்றால். வாழைத்தண்டு சிறுநீரகத்துக்கு நல்லது என்று ஊரே சொல்கிறது. கல் இருப்பவர்களுக்குச் சொல்வதை எல்லாக் கிட்னி நோய்க்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார்கள். 4ஆம் நிலையில் இருப்பவருக்குத் தினமும் ஒரு டம்ளர் வாழைத்தண்டுச் சாறு ஆபத்து.

காயைத் தோல் கழுவி, சின்னதாக நறுக்குங்கள். ஒரு பங்கு காய்க்குப் பத்துப் பங்கு வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறட்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதிதாக ஐந்து பங்கு தண்ணீர் ஊற்றி, மூடாமல் வேகவைத்து வடித்துவிடுங்கள். ஊறவைக்க நேரமில்லாத நாளில் வேகவைத்து வடிப்பதையாவது விடாதீர்கள். இரண்டில் அதிகம் இழுப்பது அதுதான். மெஸ்ஸில் காயை வேகவைத்து வடிக்கும் பையன்களைச் "சத்தைக் கொட்டுறீங்களேடா" என்று கண்டித்தவன் நான். இங்கே அந்தக் கொட்டுதல்தான் வைத்தியம்.

குழம்பு வைக்கும்போது ஒரு நுணுக்கம். காயைக் குழம்பிலேயே வேகவிட்டால் பொட்டாசியம் குழம்பில் இறங்கும், அந்தக் குழம்பைச் சோற்றில் ஊற்றி அப்படியே சாப்பிடுவோம். அதனால் காயைத் தனியாக வடித்து வைத்துக்கொண்டு, குழம்பு இறக்கும் நேரத்தில் சேருங்கள். கூட்டுக்கும் அப்படித்தான். குக்கர் வேண்டாம், அதில் எதுவும் வெளியே போக வழியில்லை.

உப்பு குறைகிறதே என்று முகம் சுளிப்பார்கள். நாள் முழுவதும் எல்லாவற்றிலும் சேர்த்து 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன்தான் கணக்கு. உப்புக்குப் பதிலாக நான் நம்புவது சின்ன வெங்காயமும் பூண்டும். திண்டுக்கல் சின்ன வெங்காயத்தை நல்லெண்ணெயில் பொன்னிறமாக வதக்கிச் சீரகம் தட்டிப் போட்டால் நாக்கு உப்பைக் கேட்காது. வெங்காயத்திலும் பூண்டிலும் இன்யூலின் போன்ற நார் இருக்கிறது. குடலிலுள்ள நல்ல பாக்டீரியாவுக்கு அது பிடித்த தீனி. கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள், சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு கலந்திருப்பார்கள். இந்துப்பும் பெரும்பாலும் சாதாரண உப்பேதான். அதை அள்ளிப் போட அனுமதி கிடையாது.

பழம் முழுசாக நிறுத்த வேண்டியதில்லை. 100 கிராம் வாழைப்பழத்தில் 358 மில்லிகிராம் பொட்டாசியம், ஆப்பிளில் 107, பேரிக்காயில் 116. பேரிக்காயில் நார் 3 கிராம். யானைக்கல் பக்கம் கொடைக்கானல் பேரிக்காய் வரும் காலத்தில் அக்காவுக்குத் தோலோடு அரைப் பழம் தினமும் உண்டு. கொய்யாவில் நார் நிறைய, ஆனால் பொட்டாசியமும் 417. ஆகவே அது எண் நன்றாக இருக்கும் மாதத்தில் மட்டும். நட்சத்திரப்பழத்தை வீட்டுக்குள்ளேயே கொண்டுவர வேண்டாம். கிட்னி தளர்ந்தவர்களுக்கு அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும், உயிரே போயிருக்கிறது.

எதையும் ஒரே நாளில் கூட்டாதீர்கள். அக்காவுக்கு முதல் வாரத்திலேயே இரண்டு கிண்ணம் கோஸ் போட்டு வயிறு உப்பிவிட்டது. ஒரு வாரத்துக்கு ஒரு கைப்பிடி என்று ஏற்றினால் குடல் பழகிக்கொள்ளும்.

சோறு, பருப்பு, ஞாயிற்றுக்கிழமை

சோறு வடித்த சோறாக இருக்கட்டும். அதில் பாதியை இரவே மண்சட்டியில் போட்டு, கொதித்து ஆறின தண்ணீர் ஊற்றி வையுங்கள். அக்னி நட்சத்திரத்தில் எட்டு மணி நேரம் போதும், மார்கழியில் பன்னிரண்டு ஆகும். ஆறின சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பங்கு செரிக்காத மாவாக மாறி, நாரைப் போலவே பெருங்குடலுக்குப் போய்ச் சேரும். கூடவே லாக்டிக் அமிலப் பாக்டீரியா. அரிசியில் பொட்டாசியம் குறைவு, அதனால் கிட்னி வீட்டுக்குப் பழைய சோறு நல்ல பொருத்தம். அதற்காக இதை மருந்தென்று சொல்ல மாட்டேன். சர்க்கரை உள்ளவர்கள் அளவைக் கணக்கில் வைக்க வேண்டும். நீராகாரம் ஒன்றரை லிட்டரில் சேரும். தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம் மட்டும். ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு நாலுமே உப்பு மூட்டை. கிட்னி மாற்று ஆபரேஷன் செய்து எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் புளிக்கவைத்த எதையும் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

பருப்பை அடியோடு நிறுத்தியதுதான் நான் செய்ததில் பெரிய தவறு. பருப்பில் புரதத்தோடு நாரும் சேர்ந்து வருகிறது, கறியில் புரதம் தனியாக வருகிறது. பருப்பிலும் சிறுதானியத்திலும் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட் என்ற, எளிதில் செரிக்காத வடிவில் கட்டுண்டு கிடப்பதால் உடம்பு அதில் பாதிக்கும் குறைவாகத்தான் உறிஞ்சும். கோலா பாட்டிலிலும் பாக்கெட் இறைச்சியிலும் சேர்க்கும் பாஸ்பேட்டோ கிட்டத்தட்ட முழுசாக ரத்தத்தில் ஏறிவிடும். டயட்டீஷியன் சொன்னபடி இப்போது நாளுக்கு 30 கிராம் பருப்பு, ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு. அதில் 6 கிராமுக்கு மேல் புரதம். மீதி சோற்றில், கொஞ்சம் தயிரில், ஒரு முட்டை வெள்ளைக்கருவில் வந்துவிடுகிறது. வாரம் இருமுறை குதிரைவாலியோ சாமையோ சோற்றுக்குப் பதில்.

மதுரைக்காரருக்கு ஞாயிறன்று கறி இல்லை என்பது தண்டனைதான். அக்காவும் நெல்பேட்டைக் கறிக்கடையின் வாடையிலேயே வளர்ந்தவர். ஆனாலும் ஆட்டுக்கறியிலுள்ள கார்னிட்டின் என்ற பொருளைக் குடல் பாக்டீரியா டிரைமெத்திலமைனாக மாற்றும், கல்லீரல் அதை டி.எம்.ஏ.ஓ. என்ற பொருளாக்கும். கிட்னியால் தள்ள முடியாமல் அது ரத்தத்தில் கூடும். இதய நோயோடு தொடர்புபடுத்தப்படும் பொருள் அது. கிட்னி நோயாளிகளுக்கு இதய ஆபத்து முன்பே அதிகம். அதனால் மாதத்தில் இரண்டு ஞாயிறு, இரண்டு சின்னத் துண்டு. அன்று பருப்பும் முட்டையும் கிடையாது, காய் மட்டும் இரட்டிப்பு. குடல் குழம்பு, ஈரல், எலும்புச் சூப் வேண்டாம்.

கடையில் வாங்கும் பொருட்கள்

புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியா அடங்கிய தூள், மாத்திரை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் இருப்பவர்களுக்கு நல்ல பாக்டீரியாவையும் அதற்கான நாரையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனை 2016இல் வெளியானது. பி-கிரெசில் சல்பேட் குறைந்தது, இண்டாக்சில் சல்பேட்டில் சொல்லும்படி மாற்றமில்லை. இந்த வகைத் தூளாலோ மாத்திரையாலோ கிட்னி கெடுவது நின்றது என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஜப்பானில் 1991 முதல் இந்த விஷங்களைக் குடலிலேயே உறிஞ்சும் ஒருவகைக் கரி உருண்டையைக் கொடுக்கிறார்கள். பிற நாடுகளில் பெரிய அளவில் சோதித்தபோது எதிர்பார்த்த பலன் தெரியவில்லை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து டப்பா வாங்குவதைவிட அந்தக் காசுக்குப் பேரிக்காய் வாங்குங்கள். நாங்கள் வைத்துக்கொள்வது வீட்டுத் தயிர், நாளுக்கு 100 கிராம், அதை மோராக்கி.

மலச்சிக்கலுக்கு மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக எதுவும் வாங்காதீர்கள். மெக்னீசியம் உள்ள பேதி மருந்து உடம்பில் தேங்கும். பாஸ்பேட் எனிமா கிட்னியையே தாக்கும். இசப்கோலுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கட்டாயம், தண்ணீர் கட்டுப்பாடு உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான். அக்காவுக்கு டாக்டர் மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் சிரப் எழுதினார், அளவை அவரே மாற்றுகிறார். இரும்பு மாத்திரையும் பாஸ்பரஸைக் கட்டும் சில மாத்திரைகளும் மலத்தைக் கட்டும். அதற்காக நிறுத்திவிடாமல், கட்டுகிறது என்று டாக்டரிடம் சொல்லுங்கள். சளி பிடித்தாலும் சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காதீர்கள், நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும். மூட்டு வலிக்கு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை கூடவே கூடாது, கிட்னியை இன்னும் கெடுக்கும்.

நாட்டு மருந்துக் கடையைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, கைகூப்பிச் சொல்கிறேன். ஆடுதின்னாப்பாளையை வயிற்றுப் பூச்சிக்கு, வயிற்றைச் சுத்தப்படுத்த என்று கொடுப்பார்கள். அதில் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. அது நல்ல கிட்னியையே சுருக்கிவிடும், புற்றுநோயையும் உண்டாக்கும்.

11 மாதம் கழித்து

அக்காவின் பொட்டாசியம் 5.0, யூரியா 118இலிருந்து 86. இதில் என் சமையலுக்கு எவ்வளவு பங்கு, டாக்டரின் மருந்துக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கிரியேட்டினின் குறையவில்லை, 2.7க்கும் 2.9க்கும் நடுவில் நிற்கிறது. குறைந்துவிடும் என்று யாருக்கும் ஆசை காட்ட மாட்டேன். நோட்டில் மட்டும் தினமும் ஒரு கோடு விழுகிறது. திடீரென்று கைகால் சோர்ந்தாலோ நெஞ்சு படபடத்தாலோ பொட்டாசியம் ஏறியிருக்கலாம், நோட்டையும் சமையலையும் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

சித்திரைத் திருவிழா வந்தால் இன்னொரு சோதனை. அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் தெருவுக்குத் தெரு நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள், வேண்டாம் என்று சொல்ல மனசு வராது. பானகத்தில் வெல்லம். அது சர்க்கரையையும் ஏற்றும், பொட்டாசியமும் அதில் உண்டு. பந்தல் நீர்மோரில் உப்பு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. எனவே முதல் நாளே வீட்டில் 50 கிராம் தயிருக்கு 150 மில்லி தண்ணீர் ஊற்றிக் கடைந்து, உப்பில்லாமல், இஞ்சி ஒரு துளி, கறிவேப்பிலை, கொத்தமல்லி இரண்டு இணுக்கு, பெருங்காயம் சேர்த்துக் கால் லிட்டர் பாட்டிலில் ஊற்றிவிடுகிறேன். இந்த வருடம் அக்கா அந்தப் பாட்டிலை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார். பந்தலில் டம்ளரை நீட்டிய பையனிடம், "எனக்கு எந்தம்பி கொடுத்துவிட்டுருக்கான்யா, நீ அடுத்தவங்களுக்குக் கொடு" என்று சொன்னார்.